சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு? லேசர் ஒளிக்காட்சிப் பெட்டிக்கு அலைநீளம் தேர்ந்த அனுபவம்

லேசர் டயோடு (லேசர் ஒளி தரும் சிறு குறைகடத்தி) தேடும்போது முதலில் கண்ணில் படுவது மில்லிவாட் எண்தான். 200, 500, 1000 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அலைநீளம் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். வண்ண ஒளிக்காட்சிப் பெட்டி ஒன்றைச் சொந்தமாகக் கட்ட உட்கார்ந்தபோது, இந்த வரிசையை நான் தலைகீழாக்கிக்கொண்டேன். முதலில் அலைநீளம், அதிலிருந்து வாட். காரணம் ஒன்றுதான்: எந்த நிறம் எத்தனை நானோமீட்டர் என்று தெரியாமல் மில்லிவாட்டை வைத்து வெளிச்சத்தைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. (இனி வெறும் எண்ணாக 520, 638 என்று சொன்னால் நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

பெட்டியின் வேலை இதுதான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கற்றைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கற்றையாக வேண்டும். அது இரண்டு கால்வோ கண்ணாடிகளில் (மின்சாரத்தால் வேகமாக ஆடும் சின்ன ஆடிகள்) பட்டுச் சுவரில் கோட்டுருவங்கள் வரைய வேண்டும். புகை போட்டால் காற்றிலும் கற்றை தெரிய வேண்டும். மொத்தம் ஒரு வாட் அளவு போதும். ஆனால் வெள்ளை வெள்ளையாகவே வர வேண்டும். பச்சை மட்டும் கண்ணைப் பறித்துக்கொண்டு, வெள்ளை என்ற பெயரில் இளம்பச்சை காட்டும் பெட்டி எனக்கு வேண்டாம்.

மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் 555-ல் உச்ச உணர்திறன் காட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு வாட் ஒளி 683 லூமன் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு). இரண்டு பக்கமும் போகப் போக வளைவு வேகமாகச் சரிகிறது. 532-ல் ஒரு வாட் சுமார் 604 லூமன், 520-ல் 485, 638-ல் 130, 650-ல் 73, 660-ல் 42. நீலப் பக்கம் 473-ல் 71, 450-ல் 26, 445-ல் 20. ப்ளூரே டயோடின் 405-ல் அரை லூமன்கூடத் தேறாது. ஒரே ஒரு வாட்தான், ஆனால் 604-க்கும் 20-க்கும் இடையே முப்பது மடங்கு வித்தியாசம். அதற்காக 445-க்கு முப்பது மடங்கு வாட் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. நிறக் கலப்புக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்கை ஒரு விரிதாளில் போட்டுவிடலாம். 1931-ல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் வெளியிட்ட நிறப்பொருத்த அட்டவணையில் ஒவ்வொரு அலைநீளத்துக்கும் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்கள் உண்டு. நமக்கு வேண்டிய வெள்ளைக்கும் (கணினித் திரைகளின் டி65 வெள்ளையை எடுத்தேன்) அதே மூன்று எண்கள்: 0.9505, 1, 1.089. மூன்று லேசர்களின் வாட் அளவு மூன்று மாறிகள், சமன்பாடும் மூன்று. இசட் சமன்பாட்டில் சிவப்பு வரவே வராது, பச்சை ஒட்டுக்கு வரும். அதனால் நீலம் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். மீதி இரண்டையும் தீர்த்தால் 638, 520, 445 கூட்டணிக்கு விடை இப்படி வருகிறது: பச்சை 1 என்றால் சிவப்பு 1.42, நீலம் 0.57. அதாவது சிவப்பு 500 மில்லிவாட், பச்சை 350, நீலம் 200. கூட்டினால் ஒரு வாட்டுக்குச் சற்று மேல்.

மூன்றில் அதிகம் தேவைப்படுவது சிவப்பு என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் மொத்த வெளிச்சத்துக்கு வரம்பு போடுவது அதுதான். சிவப்பு 250 மில்லிவாட்தான் கிடைத்தது என்றால், பச்சை ஒரு வாட் வாங்கி வைத்தாலும் வெள்ளைக்கு 175-க்கு மேல் பயன்படாது. ஆகவே தேர்வைச் சிவப்பிலிருந்து தொடங்கினேன்.

பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்தால் சிவப்பு டயோடு கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆசை. அது 660 பக்கம். கணக்கில் 638-ஐ எடுத்துவிட்டு 660 போட்டுப் பார்த்தேன்: ஒரு பங்கு பச்சைக்கு நான்கு பங்குக்கு மேல் சிவப்பு கேட்கிறது. 650 போட்டால் 2.4 பங்கு. இருபத்திரண்டு நானோமீட்டர் தள்ளிப்போனதற்கு மூன்று மடங்கு வாட்! நிறமும் ஒன்றும் பெரிதாக மேம்படுவதில்லை. 650-க்கு மேல் கண்ணுக்கு எல்லாம் ஏறத்தாழ ஒரே அடர்சிவப்புதான். அந்த டயோடைச் சுட்டுக்காட்டியாக வைத்துக்கொள்ளலாம், காட்சிப் பெட்டிக்கு வேண்டாம்.

அப்படியானால் இன்னும் இந்தப் பக்கம் வந்து 620-ல் ஏன் வாங்கக் கூடாது? வெளிச்சம் 638-ஐப் போல இரு மடங்கு. சிக்கல் டயோடின் உள்ளே இருக்கிறது. சிவப்பு டயோடுகள் அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பைடு கலவையில் செய்யப்படுகின்றன. அலைநீளம் குறையக் குறைய அந்தக் கலவையில் எலக்ட்ரான்களைச் செயல்படும் அடுக்குக்குள் அடைத்து வைப்பது கடினமாகிறது. சூடு ஏறினால் கசிந்து வெளியேறிவிடும். அதனால் அறை வெப்பநிலையில் நல்ல திறனோடு ஓடும் சிவப்பு டயோடுகள் 635 முதல் 640 வரையில் வந்து நின்றுவிட்டன. 638-ல் 500 மில்லிவாட் தரும் மிட்சுபிஷி டயோடு லேசர் கட்டுபவர்களிடையே நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பதற்கு இதுதான் பின்னணி.

638-கூட வெப்பத்துக்குப் பயந்த பிள்ளைதான். சூடானால் மூன்று வழியில் அடி விழுகிறது. ஒளிரத் தொடங்கும் மின்னோட்டம் உயர்கிறது, அதே மின்னோட்டத்தில் கிடைக்கும் ஒளி குறைகிறது, அலைநீளமும் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.2 வீதம் மேலே நகர்கிறது. பத்து டிகிரி ஏறினால் 638 என்பது 640 ஆகும். அந்த இரண்டு நானோமீட்டரிலேயே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 8 சதவீதம் போய்விடும். இதைப் பார்த்த பிறகு சிவப்புக்கு மட்டும் பெல்டியர் குளிர்வித்தி (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) வைத்து 22 டிகிரியில் பிடித்துவைத்தேன். அதற்கும் கீழே இறக்கினால் ஈரமான நாட்களில் லென்ஸில் பனி படியும். பச்சைக்கும் நீலத்துக்கும் கனமான அலுமினியத் தட்டும் ஒரு விசிறியும் போதுமாக இருந்தது.

ஒரே டயோடை அதன் உச்சத்தில் ஓட்டாமல், இரண்டு சிவப்பு டயோடுகளை மிதமாக ஓட்டி முனைவாக்கக் கனசதுரத்தில் சேர்த்தேன். ஒன்றின் முனைவுத் தளம் (ஒளி அலை அதிரும் தளம்) நேராக, மற்றொன்றுடையது 90 டிகிரி திரும்பி இருக்க வேண்டும். கனசதுரம் ஒன்றைக் கடத்தி மற்றதைத் திருப்பிவிடும். ஆயுளுக்கு நல்லது, சூடும் குறைவு. இந்த வகை டயோடுகளின் கற்றை ஒரு திசையில் மட்டும் அகலமாக விரியும், அதனால் தூரச் சுவரில் புள்ளிக்குப் பதில் பட்டை தெரியும். உருளை லென்ஸ் ஜோடி ஒன்று அதை ஓரளவு சரிசெய்தது. முழுசாக அல்ல. வாட் கூடின டயோடுகளில் ஒளி வெளிவரும் பட்டையே அகலம். அதை எந்த லென்ஸாலும் முற்றிலும் மறைக்க முடியாது. கற்றையைக் குறுக்கினால் விரிவு கூடும், விரிவைக் குறைத்தால் கற்றை தடிக்கும், தடித்தால் கால்வோவின் சின்னக் கண்ணாடிக்கு வெளியே வழியும்.

பச்சைக்கு வருவோம். இங்கே இரண்டு கட்சி.

532 என்பது டயோடு நேரடியாகத் தரும் ஒளி அல்ல. 808-ல் ஓடும் அகச்சிவப்பு டயோடு ஒரு நியோடிமியப் படிகத்தைத் தூண்டுகிறது. படிகம் 1064 தருகிறது. இன்னொரு படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 ஆக்குகிறது. வாட்டுக்கு வெளிச்சம் என்று பார்த்தால் 520-ஐவிட 25 சதவீதம் கூடுதல். கற்றையும் மெலிதாக, வட்டமாக, அழகாக வரும். ஆனால் ஒளிக்காட்சியில் ஒவ்வொரு நிறமும் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்க வேண்டும். படிகங்களைத் தாண்டி வரும் ஒளி அந்த வேகத்துக்கு மின்னோட்டத்தை ஒழுங்காகப் பின்தொடராது. சூட்டுக்கு ஏற்ப வெளிச்சம் அலையும். வடிகட்டி இல்லாத மலிவான கருவிகளில் 808-ம் 1064-ம் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வெளியே வரும், அது தனி ஆபத்து.

520 நேரடி டயோடு. மின்னோட்டம் ஏறினால் ஒளி ஏறும், இறங்கினால் இறங்கும். இது ஒன்றே போதும் என்று சொல்லலாம், ஆனால் நான் 520-ஐ எடுத்ததற்கு நிறமும் ஒரு காரணம். நிற வரைபடத்தில் 445-ஐயும் 532-ஐயும் கோடு போட்டு இணைத்தால், அந்தக் கோடு தூய நீலப்பச்சையிலிருந்து வெகுதூரம் உள்ளே, வெள்ளைப் பக்கமாகப் போகிறது. ஆகவே அந்தக் கூட்டணியின் சயான் வெளுத்த சயான். பச்சையை 520-க்கு நகர்த்தினால் கோடு வெளியே தள்ளிப்போகிறது. சயானுக்கு உயிர் வருகிறது. பதிலுக்கு மஞ்சளில் கொஞ்சம் இழக்கிறோம். 532-உடன் 638 சேர்ந்தால் வரும் மஞ்சள் ஏறக்குறைய தூய மஞ்சள், 520-உடன் சேர்ந்தால் துளி வெளுப்பு. சுவரில் பார்த்தால் இந்த மஞ்சள் வித்தியாசத்தைச் சொன்னால்தான் கவனிப்பார்கள், சயான் வித்தியாசத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

520 என்று விற்கப்படும் டயோடுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எண் ஒரு சராசரி. கையில் வருவது 515 ஆகவும் இருக்கலாம், 525 ஆகவும் இருக்கலாம். 515-க்கும் 525-க்கும் இடையே கண்ணுணர்வு (555-ன் உச்சத்தை 1 என்று வைத்தால்) 0.61-லிருந்து 0.79-க்கு ஏறுகிறது, முப்பது சதவீத வித்தியாசம். வெள்ளைக் கணக்கு போடும்போது உண்மையான எண் வேண்டும்.

அளப்பதற்கு நிறமாலைமானி தேவையில்லை. மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் உள்ள விளிம்பு விலகல் கீற்றுத் தகடு (ஒளியை அலைநீளத்துக்கேற்ற கோணத்தில் திருப்புவது) ஒன்றும் ஒரு மீட்டர் அளவுகோலும் போதும். தகட்டைச் சுவருக்கு இணையாகச் சரியாக ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, கற்றையை நேராக விட்டால் நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் முதல் வரிசைப் புள்ளிகள் விழும். 520 என்றால் நடுவிலிருந்து 26.9 சென்டிமீட்டர், 532 என்றால் 27.6, 638 என்றால் 33.7, 650 என்றால் 34.4, 445 என்றால் 22.8. தூரத்தை இரண்டு மீட்டராக்கினால் இடைவெளியும் இரட்டிக்கும், பிழை குறையும். தகடு சாய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் இடது, வலது இரண்டையும் அளந்து சராசரி எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் நான் ஒதுக்கிவைத்த 532 திரும்பவும் கைகொடுத்தது: படிகத்தின் இயல்பே அந்த எண்ணை நிர்ணயிப்பதால், சாதாரணப் பச்சைச் சுட்டுக்காட்டி ஒன்று அசையாத அளவுகோலாகிவிடுகிறது. முதலில் அதை விட்டு அமைப்பைச் சரிபார்த்து, அப்புறம் டயோடுகளை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளந்தேன். என் பச்சை 522 பக்கம் நின்றது.

டிரைவர் (டயோடுக்கு மின்னோட்டம் தரும் சுற்று) தேர்வில் பச்சைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். சிவப்பு டயோடு இரண்டரை வோல்ட்டுக்குள் ஓடிவிடும், நீலம் நாலரை பக்கம், பச்சை ஐந்தைத் தாண்டிவிடும். ஐந்து வோல்ட் மின்வழங்கியில் மூன்றையும் கட்டினால் பச்சை முழு வெளிச்சத்துக்கு வரவே வராது. எல்லாவற்றையும் பன்னிரண்டில் கட்டினால் சிவப்பின் டிரைவர் அடுப்பாகிவிடும். சிவப்புக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் ஒன்பது என்று பிரித்துவிட்டேன்.

நீலம் சுலபம் என்பார்கள், கிடைப்பதில் சுலபம்தான். 2010-ல் கேசியோ நிறுவனம் வெளியிட்ட ஒரு வரிசைப் புரொஜெக்டர்களுக்குள் இருபத்து நான்கு 445 டயோடுகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பிரித்து டயோடுகளை எடுத்தவர்களால்தான் வாட் கணக்கு நீலம் முதன்முதலில் பொழுதுபோக்குக்காரர் கைக்கு வந்தது. இப்போது 450 பக்க டயோடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

405 வேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் அடித்துப் பார்த்தால் நல்ல நீலமாகத் தெரியும். அது காகிதத்தில் சேர்த்த வெண்மைப் பொருள் ஒளிர்வது. புகையில் அடித்தால் அந்த நீலம் காணாமல் போகும்.

445-ல் எனக்கு உள்ள குறை, அது ஊதாப் பக்கம் சாய்வதும் கோடுகள் கசிந்தது போலத் தெரிவதும். இந்தக் கசிவு லேசரின் குற்றமில்லை. கண்ணின் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. பச்சையை விழித்திரையில் குவிக்கும்போது ஆழ்நீலம் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. தூரத்தில் பார்த்தால் நீலக் கோட்டைச் சுற்றி ஒரு மூட்டம். 473 இருந்தால் நீலம் தனியாக நிற்கும்போது 445-ஐப்போல மூன்றரை மடங்கு பளிச்சென்று இருக்கும், கோடும் கூர்மையாகும். ஆனால் அதை வெள்ளைக் கணக்கில் போட்டால் வேறு கதை: பச்சை 1-க்குச் சிவப்பு 1.8, நீலம் 1.04. நீலமே இரட்டிப்பு வேண்டியிருக்கிறது, அதில் கலந்து வரும் பச்சைத்தன்மையை ஈடுகட்டச் சிவப்பும் கூட வேண்டியிருக்கிறது. சிவப்புதான் நமக்குப் பஞ்சம், அதை நீலத்துக்காக மேலும் செலவழிக்க மனம் வரவில்லை. 450-ல் நிறுத்திக்கொண்டேன். 445-ஐவிடக் கண்ணுக்குக் கால் பங்கு கூடுதல் வெளிச்சம், விகிதமோ ஏறத்தாழ அதேதான்.

நான்காவது நிறம் சேர்க்கலாமா என்ற சபலம் இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும். லேசர் காட்சிக் கருவிகளுக்கான பொது இணைப்பியான ஐஎல்டிஏ இணைப்பியில் 5, 6, 7-ஆம் முனைகள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு. 8, 9, 10-ஆம் முனைகளை ஆழ்நீலம், மஞ்சள், சயானுக்கு என்று ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் லேசீரியம் என்ற லேசர் ஒளிக்காட்சி தொடங்கிய காலத்தில் கிரிப்டான் வாயு லேசர் ஒன்றே 647 சிவப்பு, 568 மஞ்சள், 521 பச்சை, 476 நீலம் எல்லாவற்றையும் ஒரே குழாயிலிருந்து தந்தது. அந்த மஞ்சளைப் பார்த்தவர்கள் இன்றைய கலப்பு மஞ்சளை மதிக்க மாட்டார்கள். டயோடு உலகில் மஞ்சளுக்கு நேரடி டயோடு இல்லை. 488 உண்டு. அதைச் சேர்த்தால் சயான் அபாரமாக இருக்கும், ஆனால் 488-ஐயும் 520-ஐயும் பிரித்துச் சேர்க்கும் டைக்ரோயிக் கண்ணாடிக்கு (ஒரு நிறத்தைக் கடத்தி மற்றதைத் திருப்புவது) முப்பது நானோமீட்டர்தான் இடைவெளி. 45 டிகிரியில் அந்தக் கண்ணாடியின் வெட்டுமிடம் (கடத்துவது நின்று திருப்புவது தொடங்கும் அலைநீளம்) முனைவுக்கு ஏற்ப இடம் மாறும், டயோடின் எண்ணும் முன்னே பின்னே இருக்கும். என் பச்சையை 520-க்கு நகர்த்தியதிலேயே சயான் திருப்தியாக வந்துவிட்டதால் இதைத் தொடவில்லை.

மூன்று நிறம் என்றால் டைக்ரோயிக் தலைவலியே இல்லை. 450, 522, 638 ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாராள இடம். நீலத்தைக் கடைசியில் வைத்து நேராக விட்டேன். அடுத்த கண்ணாடி நீலத்தைக் கடத்திப் பச்சையைத் திருப்பும். அதற்கடுத்தது இரண்டையும் கடத்திச் சிவப்பைத் திருப்பும். ஒவ்வொரு பரப்பிலும் கொஞ்சம் ஒளி போகும் என்பதால், பஞ்சத்தில் இருக்கும் சிவப்புக்குக் கால்வோவுக்கு அருகில் இடம் கொடுத்தேன். இரண்டு சிவப்புகளும் வெவ்வேறு முனைவில் வந்தாலும் 638 வெட்டுமிடத்திலிருந்து தூரமாக இருப்பதால் இரண்டும் ஒரே அளவில் திரும்பின.

ஒருங்கமைக்கும்போது எந்தக் கண்ணாடி அணிவது என்பதும் அலைநீளக் கேள்விதான். 190–540 என்று குறித்த பாதுகாப்புக் கண்ணாடி நீலத்தையும் பச்சையையும் தடுக்கும்; சிவப்பை அப்படியே விட்டுவிடும். சிவப்புக்கு வேறு கண்ணாடி. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு நிறம், அதுவும் ஒளிரத் தொடங்கும் எல்லைக்குச் சற்று மேல் மட்டும். மூன்றும் முழுத் திறனில் சேர்ந்தால் அரை வாட்டைத் தாண்டி நான்காம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்து மிகுந்த வகுப்பு. நீலத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மங்கலாகத் தெரிவதால் கண் தானாக மூடிக்கொள்ளத் தாமதிக்கும், விழித்திரையில் இறங்கும் ஆற்றலோ பச்சைக்குச் சமம். பார்ப்பவர்கள் பக்கம் கற்றையைத் திருப்பவே கூடாது. கால்வோ நின்றால் ஒளியை வெட்டும் பாதுகாப்புச் சுற்றும், இணைப்பியின் 4, 17-ஆம் முனைகளில் வரும் பூட்டும் இல்லாமல் பெட்டியை முழுத் திறனில் ஓட்டவில்லை.

வெள்ளையைச் சரிசெய்வது கடைசி வேலை. கணக்கு தந்த 500, 350, 200-ஐத் திறன்மானி வைத்துக் கால்வோவுக்குப் பிறகு அளந்து நிறுத்தி, சுவரில் ஒரு வட்டம் வரைந்து, பக்கத்தில் கணினித் திரையின் வெள்ளையை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றிப்போனது. பிறகு வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்தால் வெள்ளை சயானாக மாறியது. மூன்று டயோடுகளும் ஒளிரத் தொடங்கும் புள்ளி வேறு வேறு, சிவப்பு முதலில் அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு டிரைவரிலும் அடிப்படை மின்னோட்டத்தை அந்தப் புள்ளிக்கு மயிரிழை கீழே வைத்ததும் மங்கல் வரை வெள்ளை தாக்குப்பிடித்தது. சிவப்பின் வெப்பநிலை அசையாமல் இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும்.

இன்னொருவரை அழைத்து அதே வட்டத்தைக் காட்டியபோது அவருக்கு அது லேசான ரோஜா நிறம். கண் சரியில்லை என்று பொருளல்ல. அட்டவணை சொல்வது ஒரு சராசரிக் கண்ணை. மூன்றே மூன்று மெல்லிய நிறக்கோடுகளால் செய்த வெள்ளை, ஒவ்வொருவர் கண்ணின் சின்ன வேறுபாட்டையும் வெளியே காட்டிவிடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் உரிய அளவுத் திருகுகளை மட்டும் பெட்டியின் வெளிப்புறத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். பச்சை உள்ளேயே இருக்கட்டும். அதைத் தொட்டால் மொத்த வெளிச்சமும் ஆடும்.